காற்றில் ஒரு நெரிசல்

நுழையும்முன்

ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்டிருப்பது அவையின் மரபு. கைப்பேசிகளுக்கும் மடிக்கணினிகளுக்கும் இம்மரபு உண்டு. கூட்டம் பெருகும்போது அம்மரபுக்கு நேரும் இடர்ப்பாட்டையும், அதனைத் தீர்ப்பதற்காகக் கருவிகளில் செய்யப்பட்ட மாற்றங்களையும் இப்பாடம் விளக்குகிறது.

பாடம்

பள்ளி ஆண்டு விழா. தமிழ்நாட்டிலிருந்து வெகுதொலைவில் உள்ள ஒரு நகரில் பள்ளி அரங்கு நிரம்பி வழிகிறது. மேடையில் ஒரு சிறுமி கரகம் ஆடுகிறாள். திருநெல்வேலியில் இருக்கும் ஆச்சி, பேத்தியின் ஆட்டத்தைக் கைப்பேசித் திரையில் காணக் காத்திருக்கிறார். சிறுமியின் தந்தை நான்காம் வரிசையில் நின்று கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருக்கிறார். முதல் நிமிடம் படம் தெளிவாகச் செல்கிறது. பின்னர் அது திணறுகிறது. சிறுமியின் உயர்த்திய கை திரையில் அப்படியே நின்றுவிடுகிறது. ஆட்டம் முடிந்து அரங்கில் கைதட்டல் எழும்போதும், ஆச்சியின் திரையில் அந்தக் கை இறங்கவில்லை.

அன்று காலையில் அதே அரங்கில் வைஃபை சோதிக்கப்பட்டது. அப்போது எவ்விதக் குறையும் இல்லை. ஆனால் காலையில் அரங்கில் இருந்தவர்கள் நால்வர். மாலையில் இருந்தவர்கள் 600 பேர்.

இத்தகைய நிலையில் பலருக்கும் தோன்றும் தீர்வு ஒன்று உண்டு. இணைய இணைப்பின் வேகம் போதவில்லை, அடுத்த ஆண்டு இரு மடங்கு வேகமுள்ள இணைப்பை வாங்கிவிடலாம் என்பதே அது. பெரும்பாலும் இவ்வெண்ணம் பிழையானது. குளத்தில் நீர் நிறைந்திருக்கிறது. இறங்கி நீர் முகக்கப் படித்துறை மட்டும் ஒன்றே ஒன்று. நூறு பேர் குடத்துடன் நின்றால், குளத்தின் ஆழத்தைக் கூட்டுவதால் வரிசை குறையுமா? வைஃபையில் படித்துறை என்பது அரங்கின் காற்றுவெளியே. குறை அங்கே இருக்கப் பணம் வேறோரிடத்தில் செலவாகிறது.

உலகறிந்த ஒரு நிகழ்ச்சி இதனைத் தெளிவாகக் காட்டும். 2010ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஆப்பிள் நிறுவனத்தின் மாநாடு தொடங்கியது. அம்மாநாட்டுக்கு 5,000க்கும் மேற்பட்டோர் வந்திருந்தனர். நிறுவனத்தின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோன் 4 என்னும் புதிய கைப்பேசியை மேடையில் அறிமுகம் செய்தார். அதன் திரை எவ்வளவு தெளிவானது என்று காட்ட, ஓர் இணையப் பக்கத்தைத் திறக்க முயன்றார். பக்கம் வரவில்லை. மீண்டும் முயன்றார், அப்போதும் வரவில்லை. வேறு செய்திகளுக்குச் சென்றுவிட்டுச் சற்று நேரம் கழித்துத் திரும்பிய அவர், காரணத்தை அவையோரிடமே கூறினார். அந்த அரங்கினுள் 570 வைஃபை நிலையங்கள் இயங்கிக்கொண்டிருந்தன. அவற்றுட் பல, வந்தவர்கள் தம் பையில் கொண்டுவந்த சிறு கருவிகள். அவற்றையும் மடிக்கணினிகளின் வைஃபையையும் அணைத்துவிடுமாறு ஜாப்ஸ் வேண்டினார். தலைசிறந்த பொறியாளர்கள் பலர் கூடிய அவை அது. பணத்துக்கோ கருவிகளுக்கோ அங்கே பஞ்சமில்லை. உண்மையில் கருவிகள் மிகுந்ததே அங்கே சிக்கலாயிற்று.

570 என்னும் எண் ஏன் அத்துணைப் பெரிது? ஒரு சிறு கணக்கு அதனை விளக்கும். கம்பிவழி வரும் இணையத்தைக் காற்றில் அனுப்பும் பெட்டிக்கு அணுகுமுனை என்று பெயர். ஒவ்வோர் அணுகுமுனையும் 'நான் இங்கே இருக்கிறேன். என் பெயர் இது' என்று நொடிக்கு ஏறத்தாழப் பத்து முறை அறிவித்துக்கொண்டே இருக்கும். யாரும் அதைப் பயன்படுத்தாவிட்டாலும் இந்த அறிவிப்பு நிற்பதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே. 570 கருவிகளும் அம்மூன்று தடங்களில் சமமாகப் பிரிந்தன என்று கொண்டால், ஒரு தடத்துக்கு 190 கருவிகள். நொடிக்கு 1,900 பெயரறிவிப்புகள். ஓர் அறிவிப்புக்கு ஆயிரத்தில் ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,900 அறிவிப்புகளுக்கு 1.9 நொடி வேண்டும். இருப்பதோ ஒரு நொடி! பெயரைச் சொல்லி முடிக்கவே நேரம் போதாத அவையில் எவர் எப்போது பேசுவது?

காற்றுவெளியைப் பலர் பகிர்வதில் உள்ள இந்த இடர் புதிதன்று. வைஃபை பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பசிபிக் பெருங்கடலின் நடுவில் இது ஆராயப்பட்டது. ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் என்னும் பேராசிரியரும் அவர்தம் குழுவினரும் தீவுகளில் சிதறிக் கிடந்த கணினி முனைகளை வானொலி அலைகளால் இணைக்க முயன்றனர். 1971ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவர்களது பிணையம் இயங்கத் தொடங்கியது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'அலோஹாநெட்'. அலோஹா என்பது ஹவாய் மொழியில் நம் வணக்கத்தைப் போன்றதொரு சொல்.

அலோஹாநெட்டின் விதி மிக எளியது. அனுப்ப வேண்டியது இருந்தால் உடனே அனுப்பு. சென்று சேர்ந்ததற்கான மறுமொழி வராவிட்டால், வேறொன்றோடு மோதிவிட்டது என்று கொள். சிறிது நேரம் பொறுத்து மீண்டும் அனுப்பு. எவ்வளவு நேரம் பொறுப்பது என்பது குலுக்கல் போல அமையும். இருவரும் ஒரே அளவு நேரம் பொறுத்தால் மீண்டும் மோதிக்கொள்வார்கள் அல்லவா? அதனால்தான் இந்தக் குலுக்கல். விதி எளிதாயினும் அதன் பயன் சிறிது. காற்றுவெளியின் நேரத்தில் 18 விழுக்காட்டளவே மோதலின்றிப் பயன்படும் என்பது கணக்கால் தெரியவந்தது. முனைகளின் எண்ணிக்கை பெருகப் பெருக, மோதல்களே மிஞ்சும்.

வைஃபை இவ்விதியைச் செம்மைப்படுத்திற்று. இங்கு ஒவ்வொரு கருவியும் பேசுமுன் கேட்கிறது. தடத்தில் வேறொருவர் பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்கிறது. அமைதி நிலவினாலும் உடனே பேசிவிடாமல், குலுக்கலில் விழுந்த அளவு நேரம் பொறுத்தே பேசுகிறது. பத்துப் பேர் உள்ள அறையில் இவ்வொழுங்கு அழகாக நடக்கும். 600 பேர் உள்ள அரங்கிலோ, கேட்பதிலும் காத்திருப்பதிலுமே பெரும்பொழுது கழிகிறது. மேலும், அரங்கின் இரு கோடிகளில் உள்ள கைப்பேசிகள் ஒன்றையொன்று கேட்பதில்லை. தடம் அமைதியாக இருக்கிறது என்று இரண்டுமே நம்பிப் பேசத் தொடங்குகின்றன. நடுவில் உள்ள அணுகுமுனைக்கு இரண்டும் குழம்பிய ஓசையாகவே வந்து சேர்கின்றன.

பையில் உறங்கும் கைப்பேசிகூட முற்றிலும் உறங்குவதில்லை. பழகிய பிணையம் அருகில் உள்ளதா என்று அவ்வப்போது காற்றில் வினவுகிறது. எடுத்த படங்களைச் சேமிப்பகத்துக்கு அனுப்ப முயல்கிறது. வைஃபை அவையில் வாய் மூடியிருக்கும் பார்வையாளர் என்று எவரும் இல்லை.

காலையில் செய்த சோதனை மாலையில் பொய்த்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. மனித உடலில் பெரும்பகுதி நீர். வைஃபை அலைகளை நீர் உட்கொண்டுவிடும். வெறும் நாற்காலிகளைத் தாண்டி எளிதாகச் சென்ற அலை, ஆட்கள் நிறைந்த வரிசைகளைக் கடக்கும்போது மெலிந்துபோகிறது. ஆகவே ஆளில்லா அரங்கில் செய்யும் சோதனை, நெல் இல்லாத வண்டியை ஓட்டி மாட்டின் வலிமையை அளப்பது போன்றதே.

இனித் தீர்வுகளைக் காண்போம். அணுகுமுனையை மேலும் வலிமையாக ஒலிக்கச் செய்வது முதலில் தோன்றும் வழி. அது நெரிசலைக் கூட்டவே செய்யும். ஒரே அறையில் நான்கு ஆசிரியர்கள் நான்கு வகுப்புகளை நடத்துவதாக எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவரும் ஒலிபெருக்கி வாங்கிக்கொண்டால் எந்த வகுப்பும் நடவாது. நால்வரும் மெல்லப் பேசி, மாணவர்களை அருகில் அமர்த்திக்கொண்டால் நான்கும் நடக்கும். நெரிசல் மிக்க அரங்குகளுக்கான கருவி அமைப்பு இந்த இரண்டாம் வழியைத்தான் பின்பற்றுகிறது. உரத்துப் பேசும் சில பெட்டிகளை நீக்கிவிட்டு, மெல்லப் பேசும் பல பெட்டிகளை வைக்கிறார்கள். ஒவ்வொன்றின் எல்லையும் சில வரிசைகளே. இங்கே பயன்படும் தடத்தையே சற்றுத் தொலைவில் உள்ள மற்றொரு பெட்டியும் இடையூறின்றிப் பயன்படுத்தலாம். இதனை முறைப்படி செய்யாமல் பெட்டிகளை மட்டும் கூட்டினால், 2010இல் அந்த மாநாட்டில் நிகழ்ந்ததே மீண்டும் நிகழும்.

கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா நகரில் 2014இல் திறக்கப்பட்ட லீவைஸ் விளையாட்டரங்கில் ஏறத்தாழ 68,500 இருக்கைகள் உள்ளன. அங்கே சுமார் 1,200 அணுகுமுனைகளை நிறுவினர். அவற்றுட் பலவற்றை வைத்த இடம் வியப்பூட்டுவது. கூரையிலோ கம்பத்திலோ அன்று, இருக்கைகளின் அடியில்! உயரத்தில் வைத்தால் அலை அரங்கு முழுவதும் பரவி மற்றவற்றோடு மோதும். இருக்கையின் அடியில் வைத்தால், சுற்றி அமர்ந்திருப்போரின் உடல்களே சுவராகி அலையைத் தடுத்து நிறுத்தும். காலைச் சோதனையைப் பொய்யாக்கிய அதே மனித உடலை இங்குப் பொறியாளர்கள் கருவியின் ஓர் உறுப்பாக்கிக்கொண்டனர். 2016 பிப்ரவரியில் அங்கு நடந்த அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியின்போது, வைஃபை வழியாக மட்டும் 10 டெராபைட்டுக்கும் மேற்பட்ட தரவு சென்றது. இருக்கைகளை நகர்த்தும் மாநாட்டு மண்டபங்களுக்கு இம்முறை பொருந்தாது. அங்கே கூரையில் வைத்து, குறிப்பிட்ட வரிசைகளை மட்டும் நோக்கும் ஆண்டெனாக்களைப் பயன்படுத்துவர்.

அடுத்தது, தடங்களைப் பெருக்குதல். 2.4 கிகாஹெர்ட்ஸில் மூன்று தடங்களே என்று கண்டோம். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் இருபதுக்கும் மேற்பட்ட தடங்கள் கிடைக்கும். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸைத் தனி உரிமம் இன்றி எவரும் பயன்படுத்த 2005இலும், 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதியைப் பயன்படுத்த 2018இலும் அரசு வழிவகுத்தது. அமெரிக்கா 2020இல் 6 கிகாஹெர்ட்ஸிலும் ஒரு பெரும்பரப்பைத் திறந்துவிட்டது. உயர்ந்த அதிர்வெண் கொண்ட அலைகள் சுவர்களை எளிதில் கடப்பதில்லை. வீட்டில் இது குறை. நெரிசல் மிக்க அரங்கில் இதுவே நிறை.

மூன்றாவது மாற்றத்தின் வேர் பொள்ளாச்சியில் பிறந்த ஒருவரிடம் செல்கிறது. ஆரோக்கியசாமி பால்ராஜ் 1944இல் பிறந்தவர். இளமையிலேயே இந்தியக் கடற்படையில் சேர்ந்தவர். 1971 டிசம்பரில் குக்ரி என்னும் இந்தியப் போர்க்கப்பல் பாகிஸ்தானின் நீர்மூழ்கிக் கப்பலால் மூழ்கடிக்கப்பட்டது. நீருக்கடியில் வரும் பகையை ஒலியால் கண்டறியும் சோனார் கருவியை மேம்படுத்தும் பணியில் பால்ராஜ் ஈடுபட்டார். பல செவிகளால் ஒருங்கே கேட்டு, எந்த ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்று பிரித்தறிவது அக்கருவியின் திறம். கடற்படைப் பணிக்குப் பின் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அவர், 1992இல் ஒரு புதிய கருத்தை முன்வைத்தார். அனுப்பும் இடத்தில் பல ஆண்டெனாக்கள், பெறும் இடத்திலும் பல ஆண்டெனாக்கள். ஒரே தடத்தில், ஒரே நேரத்தில், பல தரவுகளைத் தனித்தனியே அனுப்பிப் பிரித்தெடுக்கலாம் என்பதே அது. சுவரில் பட்டுத் திரும்பும் அலைகளைத் தொல்லை என்றே பொறியாளர்கள் அதுவரை கருதிவந்தனர். பால்ராஜின் முறையில் அத்தகைய அலைகள் வந்துசேரும் பல்வேறு பாதைகளே துணையாயின. தாமஸ் கைலாத்துடன் இணைந்து அவர் விண்ணப்பித்த காப்புரிமை 1994இல் வழங்கப்பட்டது. மைமோ என வழங்கும் இம்முறை 2009இல் வைஃபை தரநிலையில் இடம்பெற்றது. இன்றைய கைப்பேசிகளிலும் உள்ளது. 2010இல் பத்மபூஷண் விருதும் 2014இல் மார்க்கோனி பரிசும் அவருக்கு வழங்கப்பட்டன.

நெரிசலுக்கு இது எவ்வாறு மருந்தாகிறது? விரைந்து பேசுபவர் விரைவில் பேசி முடிப்பார். அடுத்தவருக்கு முறை விரைவில் வரும். பின்வந்த கருவிகளில், ஓர் அணுகுமுனை பல கைப்பேசிகளுக்கு ஒருங்கே தரவு அனுப்பவும் மைமோ உதவுகிறது. வைஃபை 6 என்னும் தலைமுறையோ முறை கேட்கும் வழக்கத்தையே ஓரளவு மாற்றிவிட்டது. அதில் ஒரு தடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒரே நேரத்தில் ஒன்பது கருவிகள் வரை பேச அணுகுமுனை இடமளிக்க முடியும். யார், எப்போது, எந்தப் பகுதியில் என்பதை அணுகுமுனையே அழைத்துச் சொல்லும். குலுக்கலுக்கு மாறாக அவைத்தலைவர் ஒருவர் வந்துவிட்டார் எனலாம்.

ஆனால் புதிய பெட்டியை வாங்கி மாட்டுவதோடு பணி முடிவதில்லை. பழைய கைப்பேசிக்குப் புதிய பெட்டியின் மொழி தெரியாது. அது பழைய விதிப்படியே கேட்டு, காத்து, மெல்லப் பேசும். மெல்லப் பேசும் ஒரு கருவியால் மற்றவற்றுக்கு நேரும் இழப்பைப் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் 2003இல் எடுத்துக்காட்டினர். வைஃபை ஒவ்வொருவருக்கும் சமமான முறைகளை வழங்குகிறதே அன்றிச் சமமான நேரத்தை அன்று. பத்து நொடியில் பேசி முடிப்பவருக்கும் ஒரு முறை. இரண்டு நிமிடம் இழுப்பவருக்கும் ஒரு முறை. எனவே ஒரே ஒரு மெல்லிய கருவி, அவை முழுவதையும் தன் வேகத்துக்கு இழுத்துவிடுகிறது.

இதனால் சிலர், மிகக் குறைந்த வேகங்களை அணுகுமுனையில் அடைத்துவிடுகின்றனர். இது நல்ல வழியே. பெயரறிவிப்புகளுக்குச் செலவாகும் நேரமும் இதனால் குறைகிறது. வேறு சிலர் ஒரு படி மேலே சென்று 2.4 கிகாஹெர்ட்ஸையே முற்றிலும் அணைத்துவிடுவர். இங்குதான் நின்று சிந்திக்க வேண்டும். விலை குறைந்த கைப்பேசிகள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். அதை அணைத்தால் அரங்கின் வேகம் கூடும். ஆனால் அந்தக் கைப்பேசிகளை வைத்திருப்பவர்கள் வெளியே தள்ளப்படுவர். அரங்கைத் துப்புரவு செய்பவர், பள்ளிப் பேருந்து ஓட்டுநர், பழைய கைப்பேசியைக் கைமாற்றாகப் பெற்ற மாணவர் ஆகியோர் அவருள் அடங்குவர். அளவீட்டில் வெற்றி என்று பதிவாகும் ஒரு சீர்திருத்தம், அவர்களுக்குக் கதவடைப்பாக முடிகிறது. இதற்கு நடுவழி ஒன்று உண்டு. புதிய கைப்பேசிகளை 5 கிகாஹெர்ட்ஸுக்கு நகர்த்திவிட்டு, 2.4 கிகாஹெர்ட்ஸைச் சில பெட்டிகளில் மட்டும் திறந்துவைக்கலாம். கூட்டம் வேறு பாதையில் சென்றுவிடுவதால், பழைய பாதையில் நிற்பவர்களுக்கும் முன்பைவிட விரைவில் முறை கிடைக்கும்.

மிக எளிய மாற்றம் ஒன்று இன்னும் சொல்லப்படவில்லை. கம்பியில் செல்லக்கூடியதைக் காற்றில் ஏற்றாதிருப்பதே அது. மேடைக் கணினி, ஒளிபரப்பு கேமரா, வரவேற்பு மேசை ஆகிய யாவும் இடம் பெயராதவை; அவற்றுக்குக் கம்பி போதும். ஆண்டு விழாவை ஒரு கேமரா கம்பிவழி ஒளிபரப்பினால், நூறு தந்தையர் தனித்தனியே அனுப்பும் நூறு படங்களுக்கு மாற்றாக ஒன்று போதும் என்பது கணக்கு. கணக்கு சரியானதே. எனினும் அந்த ஒளிபரப்பில் ஆச்சி காண்பது மேடை முழுவதையும். அவர் காண விரும்புவதோ இடப்புறத்திலிருந்து மூன்றாவதாக ஆடும் பேத்தியை மட்டும். தந்தை நான்காம் வரிசையில் மீண்டும் எழுந்து நின்று கைப்பேசியை உயர்த்தத்தான் செய்வார். பெட்டிகளின் எண்ணிக்கையைத் திட்டமிடுவோர் அவரையும் கணக்கில் சேர்த்தே திட்டமிட வேண்டியிருக்கிறது.

சொற்பொருள்

அணுகுமுனை - இணையத்தைக் காற்றில் அனுப்பிப் பெறும் பெட்டி
அலைக்கற்றை - ஒரு பயனுக்கென ஒதுக்கப்பட்ட அலைகளின் தொகுதி
தடம் - அலைக்கற்றையின் ஒரு பிரிவு
பிணையம் - இணைக்கப்பட்ட கருவிகளின் தொகுப்பு
முகத்தல் - நீரை மொண்டு எடுத்தல்
காப்புரிமை - புதிதாகக் கண்டறிந்தவருக்கு அரசு வழங்கும் தனியுரிமை

பயிற்சி

1. பிரித்து எழுதுக: அலைக்கற்றை, பெயரறிவிப்பு, காற்றுவெளி.

2. 'வைஃபையில் படித்துறை என்பது அரங்கின் காற்றுவெளியே.' இவ்வுவமையை உம் சொற்களில் விளக்குக.

3. மனித உடல் வைஃபைக்கு ஓரிடத்தில் தடையாகவும் மற்றோரிடத்தில் துணையாகவும் அமைந்தது எவ்வாறு?

4. ஓர் அரங்கில் 60 அணுகுமுனைகள் மூன்று தடங்களில் சமமாகப் பிரிந்துள்ளன. பாடத்தில் உள்ள முறைப்படி, ஒரு நொடியில் எவ்வளவு நேரம் பெயரறிவிப்புகளுக்கே செலவாகும் என்று கணக்கிடுக.

5. உம் பள்ளி அரங்கில் 2.4 கிகாஹெர்ட்ஸை அணைப்பதா, வேண்டாமா என்று முடிவு செய்யும் குழுவில் நீவிரும் ஒருவர். உம் கருத்தை ஒரு பக்க அளவில் எழுதுக. எழுதுமுன், உம் வீட்டிலும் அண்டை வீடுகளிலும் உள்ள கைப்பேசிகளுள் எத்தனை 5 கிகாஹெர்ட்ஸைப் பயன்படுத்தக்கூடியவை என்று கேட்டறிந்து, அவ்வெண்ணிக்கையையும் சேர்த்து எழுதுக.